ஒதுங்கி நின்ற கணப்பு

குன்னூரில் எஸ்டேட் முதலாளி கோதண்டபாணிக்குத் தன் பங்களாவின் வரவேற்பறைச் சுவரைப் பார்த்தாலே எரிச்சல். குளிர்காயும் கணப்பு நடுவில் இல்லாமல் இடது ஓரத்தில் இருந்தது. மீதிச் சுவர் மொட்டையாகக் கிடந்தது.

"வாய் கோணின மாதிரி இருக்கு. இடிச்சு நடுவுல கட்டு. அதுக்கு மேல என் படம்" என்றார், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என்ஜினீயரிடம்.

காபி கொண்டுவந்த சமையற்காரி பவுன் காதில் அது விழுந்தது. கணப்புக்குப் பின்பக்கம்தான் அவள் அறை. அந்தச் சுவரின் சூட்டில் முதுகைச் சாய்த்தால்தான் அவள் புருஷனுக்கு மூச்சு சீராக வரும். அதைச் சொன்னால் நாளைக்கு இடிப்பதை இன்றைக்கே இடிப்பார், அப்பேர்ப்பட்ட மனசு.

"ஒரு சந்தேகம் தொரை" என்றாள். "உங்க படத்துக்குக் கீழ தீ வைக்கிறது நானா, இல்ல அமெரிக்காவுல இருக்கிற மூத்த தம்பிக்குச் சொல்லி அனுப்பணுமா?"

அம்மா சாவுக்கே வராத மகன் அவன். முதலாளியின் முகம் வெளுத்தது. என்ஜினீயர் டேப்பைச் சுருட்டினார்.

"மொட்டைப் பக்கம் படத்தை மாட்டுங்க தொரை. கணப்பு உங்களுக்குப் பயந்து ஓரமா ஒதுங்கி நிக்கிற மாதிரி இருக்கும்."

அப்படியே மாட்டினார்கள். அறை எடுப்பாகத்தான் இருந்தது. சுவரும் தப்பித்தது.

ஆனால் அன்றிலிருந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கணப்பில் தீ மூட்ட முதலாளி யாரையும் விடவில்லை. பவுனின் புருஷன் இப்போதும் அதே சுவரில்தான் முதுகைச் சாய்த்து இருமுகிறான். சுவர் சில்லென்று இருக்கிறது.