பெட்டிக்குள் கடைசி ஜோடி

காலணி காலைப் பாதுகாக்கிறது என்று மனிதகுலம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. மிகுந்த வருத்தத்துடன் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. மலைப்பாதையில் ஓடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். அவர்கள் காலைக் கொடுத்துக் காலணியைப் பாதுகாக்கிறார்கள்.

குருவுக்குத் தாடி இருக்கும், சீடனுக்கு மீசை முளைத்திருக்காது என்பதும் இதே வகைப் பிழைதான். இந்தக் கதையின் குரு பிலோமினா. வயது இருபத்தொன்பது. தேயிலை மலையூர் ஒன்றில் மலை ஓட்டம் கற்றுக்கொடுத்தாள். சீடர் தணிகாசலம், ஐம்பது தாண்டிய பல் மருத்துவர். அவள் அவரை ‘டாக்டர்’ என்பாள். அவர் அவளை ‘கோச்’ என்பார்.

பிலோமினாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. சந்தேகம் கேட்பவர்கள் ஏற்றத்தில் ஓடிக்கொண்டேதான் கேட்க வேண்டும். மூச்சு வாங்கும்போது யாரும் வீண் சொல்லைச் செலவழிப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஏற்றத்தில் தணிகாசலம் கேட்டார்.

“கோச்... ஞாயித்துக்கிழமை... எதைப் போடட்டும்?”

ஞாயிற்றுக்கிழமை மலைமுகட்டு ஓட்டப் போட்டி. இரண்டு வருடம் கலந்துகொண்டு, இரண்டு வருடமும் ஒரே இடத்தில் நின்று திரும்பியிருந்தார். இறக்கத்தில் ஒரு பாறை. அதன்மேல் மெல்லிய துணி விரித்ததுபோல ஓடை நீர் வழியும். மற்ற நாட்களில் பக்கத்துப் புல்வழியே சுற்றி இறங்கிவிடுவார். போட்டியில் அதற்கு இடமில்லை. ஒரே ஒருமுறை அந்தப் பாறையைத் தாண்டி முடிவுக்கோட்டைத் தொட வேண்டும். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேறெதற்கும் இவ்வளவு ஏங்கியதில்லை.

பிலோமினா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

“எது மனசுல இருக்கு?”

“அந்தக் கடைசி ஜோடி.”

அவருக்குப் பிடித்த ஒரு காலணி இருந்தது. அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் கடையில் மிச்சமிருந்ததையெல்லாம் அள்ளிவந்தார். ஒவ்வொன்றாகத் தேய்ந்துபோயின. ஒரு ஜோடி மட்டும் ஐந்து வருடமாகப் பெட்டிக்குள் இருந்தது, மெல்லிய காகிதம் சுற்றியபடி.

“அதுல அப்படி என்ன?”

சமதரை வந்திருந்தது. தணிகாசலத்துக்கு மூச்சும் வந்தது.

“ஈரப்பாறையில உடும்பு மாதிரி பிடிக்கும் கோச். அஞ்சு விரலும் விரிஞ்சு உக்கார இடம் இருக்கும். ஓடையில இறங்கி ஏறினா நாலு எட்டுல தண்ணி வடிஞ்சிடும். கூழாங்கல்லை மிதிச்சா கல்லுன்னு தெரியும், ஆனா குத்தாது. அப்படி ஒண்ணு இனிமே பிறக்காது.”

“போன வருஷம் அதைப் போட்டீங்களா?”

அவர் ஓட்டத்தைக் கூட்டினார். பின்னால் வந்த லாரி புரோக்கர் சபரிநாதன் சொன்னார்.

“போடல கோச். முதுகுப் பையில தூக்கிட்டு ஓடினாரு. பாறை வரைக்கும் வந்து பையைத் திறந்தாரு. பாத்தாரு. மூடிட்டாரு.”

“ஏன்?”

“சேறு இருந்துச்சு” என்றார் தணிகாசலம்.

“டாக்டரே, கண்ணாடிப் பெட்டி செஞ்சு உள்ள வைங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற. சாம்பிராணி போடலாம்.”

பிலோமினா சிரிக்கவில்லை.

“நாளைக்கு எடுத்துட்டு வாங்க.”

சனிக்கிழமை காலை பாறை உச்சியில் பனிமூட்டம். கீழே ஒரு புல்திட்டு இருப்பது அனைவருக்கும் தெரியும். விழுந்தால் உயிர் போகாது, மானம் போகும்.

பிலோமினா அந்தக் கடைசி ஜோடியைக் கையில் வாங்கினாள். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்தினாள். லேசாக வளைத்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“போட்டுக்கங்க. நான் முன்னாடி இறங்குறேன்.”

இறங்கினாள். தணிகாசலம் எத்தனையோ முறை அவள் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பாறையில் பார்த்ததில்லை. அவள் காலைப் பார்க்கவே இல்லை. ஓடை எங்கே பிரிந்ததோ அங்கே அவளும் ஒதுங்கினாள். அது வளைந்த இடத்தில் வளைந்தாள். கால் பட்ட சத்தம்கூட இல்லை. பனிக்குள் போய் மறைந்த பிறகும், தண்ணீர்தான் ஓடியதா, அவள்தான் ஓடினாளா என்று அவருக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

அவர் பயிற்சி ஜோடியைக் கழற்றினார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அது ஒருநாளும் காய்ந்ததில்லை. அவர் அதை மதித்ததும் இல்லை. கடைசி ஜோடியை மாட்டி, கயிற்றை இரட்டை முடிச்சிட்டார்.

முதல் எட்டு, பிடித்தது. இரண்டாவதும் பிடித்தது. அவருக்குக் கண் கலங்கியது.

நடுப்பாறையில் சேற்றிலிருந்து கால் பிடுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. வலது அடிப்பாகம் முழுசாகக் கழன்று பாறையிலேயே நின்றது. அடுத்த எட்டில் இடதும் கழன்றது. இரண்டும் நீரோடு சேர்ந்து சறுக்கிப் போயின. காலில் எஞ்சியது மேல்துணியும் இரட்டை முடிச்சும்.

மேலே நின்ற சபரிநாதன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரிக்க மறந்தார்.

“கோச்! பிஞ்சிடுச்சு!” என்று கத்தினார் தணிகாசலம்.

“இங்க வந்து சேந்துடுச்சு” என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. “நீங்களும் வாங்க.”

“எப்படி? நான் மேல ஏறிடறேன்!”

“பாதியில நிக்கிறீங்க டாக்டர். ரெண்டு பக்கமும் அதே பாறைதான்.”

அவர் நின்றார். துணிக்கு அடியில் பாறை சில்லென்றிருந்தது. கூர்ந்து கவனித்தால், நீர் ஓடும் சிறு நடுக்கம் அதற்குள் இருந்தது. வலது காலை நகர்த்தினார். கறுப்பாக இருந்த இடம் பாசி, வழுக்கியது. ஒரு சாண் தள்ளி வெளிறிய இடம். சர்க்கரை சிந்தியதுபோல நறநறவென்று பிடித்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் மட்டும் தங்கும் பள்ளம். இரண்டு வருடமாக இதற்கு வழுக்குப்பாறை என்று ஒரே பெயர் வைத்திருந்தார். இப்போது காலுக்குக் கால் வேறு பாறை.

எப்போது கீழே வந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. காலடியில் புல் பட்டதும் திரும்பிப் பார்த்தார். பனி ஒருபக்கமாக ஒதுங்கியது. பாறையும், அதன்மேல் வெள்ளியாக இழைந்த ஓடையும், மேலே முகடும் முழுவதுமாகத் தெரிந்தன. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். வழக்கமாக அவருக்கு முன்னால் மற்றவர்கள்தான் அப்படி இருப்பார்கள்.

இரட்டை முடிச்சை அவிழ்த்தபடி கேட்டார்.

“இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பெட்டியிலயே பசை செத்துடுச்சுன்னு தெரிஞ்சுது. உங்க கால் எப்படின்னு தெரியாது.”

பயிற்சி ஜோடி உச்சியில் கிடந்தது. அதை எடுக்கப் புல்வழியே ஏறினார்கள். ஏற்றம் செங்குத்து.

“கோச்... அப்ப நாளைக்கு... எதைப் போடட்டும்?”

“காலையில எழுந்து பாருங்க. வாசல்ல எது இன்னும் ஈரமா கிடக்கோ, அதை.”

இறக்கத்தில் ஓடுகிறவர்களுக்கு விரல் நுனி காலணியின் முன்பக்கத்தில் இடித்து நகம் கறுக்கும். நடந்து இறங்குகிறவர்களுக்குக் கறுப்பதில்லை. திங்கட்கிழமை முழுவதும் தணிகாசலம் வெறுங்காலில் நின்றுதான் பல் பிடுங்கினார்; இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன.