வாத்தியார் சொல்லாத சொல்

கொள்ளிடக் கரையில் வடிவம்மை என்று ஒருத்தி இருந்தாள். ஓடக்காரர் வீட்டுப் பெண். நாற்பது வயதிருக்கும். மடம் என்று எதையும் கட்டவில்லை, ஓர் ஓலைக் கொட்டகைதான். மனசு தாங்காதவர்கள் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். அவள் அதிகம் பேச மாட்டாள்.

அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டவர்களில் சபாநடேசன் அவளைவிட இருபது வயது மூத்தவர். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷம், அவர் மனைவி குமுதவல்லி தண்ணீரோடு போய்விட்டாள். ஆறு நாள் தேடினார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் ஆகியும் அவர் ஒரு சொட்டு அழவில்லை. வெள்ளம் என்ற சொல்லையும் சொல்வதில்லை. ‘அந்தத் தண்ணி’ என்பதோடு சரி.

ஒரு மார்கழி விடியலில் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்தார்கள். ‘இன்ப வெள்ளம்’ என்று ஓர் அடி வந்தது. எல்லாரும் கண்ணை மூடி அதை இரண்டாம் தடவையும் பாடினார்கள். சபாநடேசன் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வடிவம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இத்தனை வருஷமும் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் கொடுத்திருக்கேன் அம்மா,” என்றார்.

அந்தச் சொல்லுக்கு நீர்ப்பெருக்கு என்று ஒரு பொருளும் மிகுதி என்று ஒரு பொருளும் கரும்பலகையில் எழுதிப்போடுவாராம். பிள்ளைகள் மக்கள் வெள்ளம், மகிழ்ச்சி வெள்ளம், கண்ணீர் வெள்ளம் என்று வாக்கியம் எழுதிவருவார்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டிருக்கிறார். தேருக்குக் கூடுகிற கூட்டத்துக்கும் வீட்டுக் கூரையைத் தாண்டி ஏறுகிற தண்ணீருக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்.

“ஒண்ணுதான் நிஜம். மத்ததெல்லாம் அலங்காரம். இல்லையா அம்மா?”

வடிவம்மை அவர் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றாள்.

அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. மெல்லச் சொன்னார். அவரும் குமுதவல்லியும் கூரைமேல் ஏறினார்கள். கூரை சரிந்தது. அவர் ஒரு கையால் தென்னையைக் கட்டிக்கொண்டார், மறு கையில் அவள் மணிக்கட்டு. வளையல்கள் அவர் உள்ளங்கையில் அழுந்தின. அப்புறம் அழுந்தவில்லை.

“நான் விட்டேனா, அவளா விட்டாளா, தெரியலை. அது தெரியாமத்தான் சோறு தின்னுக்கிட்டிருக்கேன்.”

வடிவம்மை எழுந்து ஆற்றுக்குள் நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

பனி இறங்கியிருந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொட்டகைப் பாட்டு எங்கோ வேறோர் ஊரிலிருந்து வருவதுபோல் கேட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. காலடியில் மணல் கரைந்து கரைந்து போயிற்று. தான் நடக்கிறோமா, தூங்குகிறோமா என்று அவருக்கே சந்தேகம்.

இழுப்பு இருக்கிற இடத்தில் அவள் நின்றாள். அங்கே நட்டிருந்த ஓடக் கம்பத்தைக் காட்டினாள்.

“அதை ஒரு கையால கட்டிக்கோங்க வாத்தியாரே. இன்னொரு கையால என்னைப் பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க.”

பிடித்துக்கொண்டார். அவள் கால்களைத் தரையிலிருந்து எடுத்தாள். ஆறு அவளை நீளமாகக் கிடத்தி இழுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார், தோள் பிய்ந்துவிடும்போல் இருந்தது. அடுத்த நொடி அவர் கையில் பனிதான் இருந்தது.

“வல்லி!”

அந்தக் கூப்பாடு ஆற்றின் அக்கரை வரை போயிற்று. பாட்டு நின்றது.

சற்றுத் தள்ளி ஒரு மணல்திட்டில் வடிவம்மை ஏறி நின்று புடவையைப் பிழிந்தாள். அவர் தடுமாறி அங்கே போய்ச் சேர்ந்து விழுந்தார். கண்ணிலிருந்து வந்ததை நிறுத்தப் பார்த்தார். கையால் பொத்தினார், துண்டால் பொத்தினார். அது விரலிடுக்கில் வந்தது, மூக்கில் வந்தது, மூச்சை அடைத்துக்கொண்டு வந்தது.

“வெள்ளமா வருதும்மா,” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

பனி விலகி மணலில் வெயில் விழும் வரை அழுதார். பிறகு, கேட்கப் பயந்த குரலில் கேட்டார்.

“அம்மா, இப்ப யார் விட்டது? நீங்களா, நானா?”

வடிவம்மை தன் வலது மணிக்கட்டைக் காட்டினாள். அவர் விரல்கள் நாலும் பதிந்து சிவந்திருந்தது. பிறகு அவருடைய கையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அங்கே அவளுடைய நகங்கள் கீறிய கோடுகள் இருந்தன.

“நானும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் வாத்தியாரே,” என்றாள்.