இடைவேளையில் சொன்னது

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த மண்டலக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளையில் மாசிலாமணி மாஸ்டர் தம் அணியிடம் என்ன சொன்னார் என்பது பற்றி மூன்று பாடங்கள் வழக்கில் இருந்தன.

ஆற்றங்கரைக் கல்லூரி அப்போது இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிந்தபோது மூன்றுக்கு இரண்டு என்று வென்றிருந்தது. நடுவில் இருந்தது பத்து நிமிட இடைவேளை ஒன்றுதான்.

வீட்டில் காத்திருக்கும் தாய்மார் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று மாஸ்டர் கேட்டதாகச் சொல்வான் பின்வரிசையில் ஆடிய சாலமன். அவர் வாயே திறக்கவில்லை, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி எறிந்தார் என்பான் பரமசிவம். மாஸ்டர் அழுதார் என்பது துபாய்க்குப் போய்விட்ட இன்னொருவனின் பாடம். மூவரும் தம் கண்ணால் கண்டதாகவே சொன்னார்கள்.

செண்பகராமனும் அந்த அணியில் ஆடியவன்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவன் பூட்ஸ் நாடாவின் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, எதுவும் காதில் ஏறவும் இல்லை. பின்னாளில் அதே கல்லூரிக்கு உடற்கல்வி இயக்குநராக வந்தபிறகு, அந்த முடிச்சை நினைத்து அவன் வருந்தாத நாள் குறைவு.

அவன் பயிற்சி அளித்த அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருந்தது. பத்தாவதும் போனால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தைக் கபடிக்குக் கொடுத்துவிடலாம் என்று முதல்வர் சொல்லியனுப்பியிருந்தார்.

செண்பகராமன் மாஸ்டரைத் தேடிப் போனான். மாஸ்டர் வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுடே."

"அன்னைக்கு இடைவேளையில என்ன சொன்னிய?"

மாஸ்டர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் சொல்லல. எலுமிச்சம்பழம் வெட்டினேன்."

"அதுக்கு அப்புறம்?"

"உப்பத் தொட்டு ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்தேன். பரமசிவத்துக்கு மட்டும் குடுக்கல. அவனுக்குக் கடவாப்பல்லுல வலி. வெந்நி குடுத்தேன்."

"ஒரு வார்த்தகூடப் பேசலயா மாஸ்டர்?"

"எலுமிச்சம்பழத்த வாயில வச்சிருக்கவன்கிட்ட என்னத்தப் பேச?"

செண்பகராமன் சிரித்து வைத்தான். கைகண்ட மருந்தை எந்த வைத்தியரும் எளிதில் சொல்லிவிட மாட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

"என் அணிய எழுப்பி நிறுத்தணும் மாஸ்டர். ஒரு வழி சொல்லுங்க."

"ஒன் கோல்கீப்பரு பேரு என்ன?"

"ஆவுடையப்பன்."

"அவனுக்கு எலுமிச்சம்பழம் ஒத்துக்குமா?"

"அது எனக்கு எப்படி மாஸ்டர் தெரியும்?"

மாஸ்டர் மறுபடி சங்கிலிக்கு எண்ணெய் விடத் தொடங்கினார்.

பத்தாவது ஆட்டத்தின் இடைவேளையில் கல்லூரி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டக்காரர்கள் புங்கமரத்தடியில் மல்லாந்து கிடந்தார்கள்.

"கபடியும் நல்ல ஆட்டந்தாம்ல," என்றான் அணித்தலைவன் பீர்முகம்மது. "கோட்டத் தொட்டுட்டுத் திரும்பி வந்தாப் போதும். பூட்ஸ்கூட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் செண்பகராமனால் தாங்க முடியவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"மாஸ்டர் படுத்த படுக்கையாக் கெடக்காவ."

சிரிப்பு நின்றது. விளையாட்டு அறையில் மாஸ்டரின் படம் தொங்கியது. அதன் ஆணியில்தான் அவர்கள் ஈரக் காலுறைகளைக் காயப்போடுவது வழக்கம்.

"நேத்துப் பாத்துட்டு வந்தேன். நம்ம காலேஜ் ஒரு ஆட்டம் ஜெயிச்சதாக் காதுல விழுந்தாப் போதும்கிறாவ. வேற ஒண்ணும் கேக்கல."

சொல்லும்போதே அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அது நடிப்பு அல்ல என்பதை எண்ணி அவன் பின்னர் பலமுறை வியந்திருக்கிறான்.

இரண்டுக்கு ஒன்று என்று அன்று வென்றார்கள்.

விசில் ஊதியதும் ஆவுடையப்பன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

"சார், மாஸ்டர்கிட்டச் சொல்லிருவியளா?"

"சொல்லிருதேன்டே."

மறுநாள் பயிற்சிக்கு வந்தவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மாஸ்டர் எப்படி இருக்காவ என்று கேட்டார்கள். கண்ணத் தொறந்து பாத்தாவ என்றான் செண்பகராமன். வேறென்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வெற்றிக்கு மாஸ்டர் கஞ்சி குடித்தார். அதற்கடுத்த வெற்றிக்குத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவன் அவரை ஒரு சாண் எழுப்பினான். பயிற்சிக்கு எவனும் தாமதமாக வரவில்லை. பந்தை இழந்தவன் தலையைத் தொங்கப்போட்டு நிற்காமல் திரும்பி ஓடினான். காலுறைகள் ஆணியிலிருந்து இறங்கின. கல்லூரி விழாவில் முதல்வர் செண்பகராமனுக்குப் பொன்னாடை போர்த்தி, தலைமைப் பண்பு என்ற தலைப்பில் கால்மணி நேரம் பேசினார்.

ஆறாவது வெற்றி மண்டல இறுதியாட்டம். கோப்பை கைக்கு வந்தது.

"கோப்பைய மாஸ்டர் கையில குடுக்கணும் சார்," என்றான் பீர்முகம்மது. "வேன் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில போறோம்."

மறுநாள் வேனுக்கு முன்னால் செண்பகராமன் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினான். மாஸ்டர் கொடியில் வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்தார். நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"எத்தன ஆட்டம் ஜெயிச்சிய?"

"ஆறு மாஸ்டர்."

"ஆறாவதுல நான் எந்த மட்டுல இருந்தேன்?"

செண்பகராமன் தரையைப் பார்த்தான்.

"நடந்திய. வாசல் வரைக்கும்."

"அப்பம் வாசலுக்குப் போவோம். வேன் சத்தம் கேக்கு."

"இப்பவே பயல்கள்கிட்ட உள்ளதச் சொல்லிருதேன் மாஸ்டர்."

"சொல்லு."

கூச்சலோடு வேனிலிருந்து குதித்தவர்கள், வாசலில் மாஸ்டர் நேராக நிற்பதைக் கண்டதும் அடங்கிப்போனார்கள். ஆவுடையப்பன்தான் முதலில் நெருங்கினான். அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றி, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவனைப்போலச் சிறிது நேரம் வைத்திருந்தான்.

"நாங்க ஜெயிச்சதுனாலதான மாஸ்டர்?"

மாஸ்டர் செண்பகராமனைப் பார்த்தார். பேசுவதற்குப் போதுமான நேரம் அவனுக்கு இருந்தது. பீர்முகம்மது கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். அதில் வெயில் பட்டுப் பதினைந்து முகங்களிலும் ஆடியது.

"எல்லாரும் உள்ள வாங்கடே," என்றான் செண்பகராமன்.

மாஸ்டர் எலுமிச்சம்பழம் வெட்டினார். தட்டின் ஓரத்தில் உப்பை வைத்து வரிசையாக நீட்டிக்கொண்டு போனார். ஆவுடையப்பன் மட்டும் எடுக்கவில்லை.

"ஏண்டே?"

"வாய்ப்புண்ணு மாஸ்டர்."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

"சாப்பாடெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுதியா?"

பீர்முகம்மதுதான் சொன்னான்.

"ஒத்த நேரச் சாப்பாடுதான் மாஸ்டர். ஒங்களுக்காக நேந்துக்கிட்டானாம். மெஸ்ஸுல அவன் பங்கத் தின்னு தின்னு எனக்குத் தொப்ப விழுந்துட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் அடுக்களைக்குப் போய் ஒரு தேங்காய்ச் சில்லைக் கொண்டுவந்து ஆவுடையப்பன் கையில் வைத்தார்.

"மெதுவா மெல்லு. பால மட்டும் முழுங்கு."

அவன் மென்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

வேன் போன பிறகு செண்பகராமன் மட்டும் எஞ்சினான்.

"ஏன் சொல்லல?" என்றார் மாஸ்டர்.

"அடுத்த வாரம் தென்மண்டல ஆட்டம் மாஸ்டர். அது முடியட்டும்னு பாத்தேன்."

மாஸ்டர் கத்தியைத் துடைத்தார்.

"நீங்களாவது சொல்லிருக்கலாம்."

"சொன்னவன் நீதானடே."

அந்த ஒரு வாரத்துக்குள் மாஸ்டர் எழுந்த கதைக்கு விடுதியில் மூன்று பாடங்கள் உருவாகிவிட்டன. டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்றது ஒன்று. இறுதியாட்டத்தில் இரண்டாவது கோல் விழுந்த அதே நிமிடத்தில் மாஸ்டர் கட்டிலிலிருந்து காலை ஊன்றினார் என்றது இன்னொன்று. மூன்றாவதில் மாஸ்டருக்குப் பேச்சே நின்றிருந்தது. செண்பகராமன் இவற்றுள் எதையும் சொன்னவன் அல்லன். தான் சொன்னது எங்கே இருக்கிறது என்று தேடினான். அகப்படவில்லை.

தென்மண்டலப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஒரே ஒரு கோல். கடைசி நிமிடத்தில் வந்த பந்து ஆவுடையப்பனின் கைக்குள் வந்து, கையை விட்டு நழுவி உருண்டு போயிற்று. அவன் அதை எடுக்கப் போகவில்லை. விழுந்த இடத்திலேயே மண்டியிட்டிருந்தான்.

திரும்பும் ரயிலில் ஆவுடையப்பன் கதவருகே நின்றுகொண்டே வந்தான். விடிகாலையில் ஊர் வந்ததும் எல்லோரும் விடுதிப் பக்கம் திரும்ப, அவன் மட்டும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் நடந்தான். எங்கே போகிறான் என்று செண்பகராமனுக்குத் தெரிந்தது. பின்னால் போனான்.

மாஸ்டர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஆவுடையப்பன் வெளிக்கதவின் கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் பிடிக்க மாஸ்டர் வாளியோடு வெளியே வந்தார். ஆவுடையப்பன் அப்படியே தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

செண்பகராமன் அவன் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தான். மாஸ்டர் வாளியை நிரப்பிக்கொண்டு வெளிக்கதவுவரை வந்து நின்றார்.

"ஆவுடை, மாஸ்டருக்கு எப்பவுமே ஒண்ணும் இல்லடே. நான் சொன்னது பொய்."

புங்கமரத்தடியில் தொடங்கி, கண் திறந்ததையும் கஞ்சியையும் தலையணையையும் வாசலையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். எதையும் விடவில்லை. ஆவுடையப்பன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்தபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. நன்றி இருந்தது.

"நான் கோல விட்டதுனால சொல்லுதிய சார்."

"இல்லடே. சத்தியமா."

"எனக்கு வெளங்குது சார்."

"மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க," என்றான் செண்பகராமன்.

"அவன் சொல்லுதது நெசந்தாம்டே," என்றார் மாஸ்டர். "எனக்குத் தலவலிகூட வரல."

ஆவுடையப்பன் தலையசைத்தான்.

"எங்க தாத்தாவும் ஆஸ்பத்திரியில கடேசிவரைக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாவ மாஸ்டர்."

எழுந்து வந்து அவர் கையிலிருந்த வாளியை வாங்கினான்.

"கனத்தத் தூக்காதிய. கொஞ்ச நாளைக்கு நான் வந்து பிடிச்சு வைக்கேன்."

தண்ணீர் தளும்பாமல் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனான்.

வெளிக்கதவருகே இருவரும் நின்றார்கள். உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

"இனி என்ன சொன்னா நம்புவான் மாஸ்டர்?"

மாஸ்டர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு எழுபத்தினாலு முடியப்போகுது. நானும் ஒருநாள் போய்ச் சேருவேன்டே. அன்னைக்கு மட்டும் இவனுக்கு ஆட்டம் இல்லாமப் பாத்துக்கோ."