குரல் கோப்பு உள்ளதா

"ஒரே ஒரு வரியில வந்து நின்னுருது டீச்சர். அந்த வரியை எடுத்துறலாமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

கேட்டவருக்கு ஐம்பத்தேழு வயது. தொலைபேசித் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு கணினி நிரல் எழுதக் கற்றவர். கற்றுக்கொடுத்த திலகவதிக்கு முப்பத்தாறு வயதுதான். ஆனாலும் அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும் நிரல் ஒன்றை அவர்கள் இருவரும் அங்கே பேணி வந்தார்கள். அறைக்குப் புதிய கணினிகள் வந்திருந்தன. அவற்றில் ஓடும்படி நிரலை அதன் வரிகளிலிருந்து மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. வங்கித் தேர்வுக்கு ஒன்பது நாளே இருந்தது. அந்த நிரலை நம்பிப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கட்டத் தொடங்குமுன் ஒரு சோதனை ஓடும். தேவையானவை எல்லாம் கணினியில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். விடையையும் தானே எழுதும்.

கம்பைலர் உள்ளதா… உள்ளது.

ஒலி லைப்ரரி உள்ளதா… உள்ளது.

தமிழ் அகராதி உள்ளதா… உள்ளது.

குரல் கோப்பு உள்ளதா… இல்லை.

அதோடு நின்றுவிடும்.

"சோதனைன்னாலும் கொஞ்சம் ஈவிரக்கம் வேண்டாமா டீச்சர்? மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைங்குது."

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்போ யாரைக் குறை சொல்றீங்க?"

மாசிலாமணி சோதனையை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.

குரல் அவர் மனைவி ஞானசுந்தரியுடையது. பதினொரு மாதம், ஜன்னலுக்குக் கம்பளி கட்டிய பின்கட்டு அறையில் உட்கார்ந்து, ஆயிரமாயிரம் சொற்களை அவள் வாசித்துப் பதிவு செய்தாள். ஒரு ழகரம் நழுவினாலும் முதலிலிருந்து தொடங்குவாள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி அவரை வியர்க்க வைப்பாள்.

அவளை அடக்கம் செய்த மறுவாரம், அந்தக் கோப்பை அவர் பொதுச் சேமிப்பிலிருந்து அழித்தார். மிஞ்சிய ஒரே பிரதியை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். முன்பின் அறியாதவர்கள் ஒரு பொத்தானைத் தட்டி அவளைப் பேசச் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அறிவிப்பு அட்டையில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சிட்டிருந்தார்கள். யார் விசாரித்தாலும் அவர் அந்தச் சொல்லையே சொன்னார். "நித்திரையா இருக்கா." மூன்று மாதமாக வேறொரு சொல் அவர் வாயில் வரவில்லை.

இவை யாவும் திலகவதிக்குத் தெரியும். கோப்பைக் கொடுங்கள் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இப்போதும் கேட்கவில்லை. விசைப்பலகையை மட்டும் மாசிலாமணியின் பக்கம் நகர்த்தினார்.

"எடுங்க."

"நிஜமாவா?"

"நீங்க எழுதின வரி. நீங்கதானே எடுக்கணும்."

அவர் எடுத்தார். சோதனை தடையின்றி ஓடியது. நான்கு நிமிடத்தில் நிரல் கட்டி முடிந்தது. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை.

"முடிஞ்சுது டீச்சர்! ஒரு குறையும் சொல்லலை பாருங்க." வெகு நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது.

"நல்லது. செல்லக்கனி வெளியில காத்திருக்கா. கூப்பிடுங்க."

செல்லக்கனி பிறவியிலேயே பார்வையற்றவள். இரண்டு முறை தேர்வில் தவறி, மூன்றாம் முறைக்காக ஆறு மாதம் மதுரையில் தங்கிப் படித்துவிட்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

"அண்ணாச்சி, சௌக்கியமா? புது கம்ப்யூட்டர் வாசனையே தனிதான். பழசுல எலி நாத்தம்லா அடிக்கும்!"

சிரித்தபடி உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பொத்தானை அழுத்தினாள்.

காத்திருந்தாள்.

மறுபடியும் அழுத்தினாள். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டாள்.

"என்ன அண்ணாச்சி, அக்கா இன்னும் எந்திரிக்கலையா?"

மாசிலாமணி திலகவதியைப் பார்த்தார். திலகவதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்க வேண்டிய வரி ஒவ்வொன்றாக ஒளிர்ந்து, வாசித்து முடித்ததாகக் குறிக்கப்பட்டு, மேலே போயிற்று.

"ஒண்ணுமே கேக்கலையே. கரகரப்புகூட இல்லை," என்றாள் செல்லக்கனி. "மதுரையில ஒரு தகர டப்பா குரலைக் கொடுத்து உசிரை வாங்கிட்டாவ. 'வழி'யா 'வலி'யான்னு தெரியாம ரெண்டு கணக்கு போச்சு. அக்கா வாசிச்சா எனக்கு ஒரு எழுத்து தப்பாது. ஊருக்குப் போனா அக்கா இருக்கான்னு நினைச்சுதான் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன்."

அவள் விரல் பொத்தானை விட்டு அகலவில்லை.

"எங்க அண்ணாச்சி அக்கா? வீட்லயா?"

"அவ…"

வழக்கமான சொல் தொண்டை வரை வந்தது. செல்லக்கனி இன்னும் தலையைச் சாய்த்தே இருந்தாள். வராத ஒலிக்காக முழு உடம்பும் காதாக இருந்தாள்.

"அவ இல்லை, கனி."

செல்லக்கனியின் விரல் பொத்தானை விட்டு விலகியது.

"மூணு மாசமாச்சு. அவ இல்லை."

அவள் ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கையை நீட்டித் துழாவி, அவருடைய சட்டைக் கையைக் கண்டு பிடித்துக்கொண்டாள். திரையில் வரிகள் ஓசையின்றி ஓடி முடிந்தன.

பிறகு அவள் கேட்டாள், கேட்கலாமா என்று தெரியாதவள்போல.

"அப்போ… குரல்?"

மாசிலாமணி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கு," என்றார்.