நிலையில் தொங்கிய குஞ்சம்

மடத்தம்மாவுக்கு வயசு நாற்பதுகூட ஆகவில்லை. அவளிடம் முதன்முதலாக உபதேசம் வாங்கிய சௌந்தரத்துக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. வயசுக்கு மரியாதை கொடுத்து மடத்தம்மா அவளை "அக்கா" என்பாள். குருவுக்கு மரியாதை கொடுத்து சௌந்தரம் அவளை "அம்மா" என்பாள்.

மடத்துத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. புரட்டாசியில் நவராத்திரி வந்தால் எல்லோரும் வீட்டு வாசலை ஜோடிக்க வேண்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றுகூட வாசலில் தொங்கக் கூடாது. கொட்டாங்குச்சி விளக்கு, தென்னங்கீற்றுக் கிளி, காய்ந்த பீர்க்கங்கூட்டில் பொம்மை, கிழிந்த புடவைக் கரையில் தொங்கட்டான். வீட்டில் கிடப்பதும் தெருவில் உதிர்வதும்தான் சாமான்.

விஜயதசமி அன்று மடத்தம்மா விரதம் முடிக்கத் தெருவில் நடந்து வருவாள். எந்த வீட்டுக்குள் நுழைகிறாளோ அந்த வீட்டில் சாப்பாடு. ஏன் அந்த வீடு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வாசல் அழகைப் பார்த்துத்தான் என்று தெருவே முடிவு கட்டி வைத்திருந்தது.

வருஷா வருஷம் அவள் நுழைந்தது சௌந்தரத்தின் வீட்டுக்குள். அந்த ஒரு வேளைப் பெருமையில்தான் சௌந்தரத்துக்கு மீதி வருஷமே ஓடும்.

இந்த வருஷம் எதிர்வீட்டுக்கு மரகதம் குடிவந்தாள். சௌந்தரத்தின் கொழுந்தன் பெண்டாட்டி. ஊருக்குப் புதுசு, மடத்துக்கும் புதுசு.

குறுவை அறுத்த வயலில் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கி வந்தாள் மரகதம். வாழைநாரில் வைத்துப் பின்னி, பெரிய குஞ்சமாகக் கட்டி, வாசல் நிலையில் தொங்கவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். மறுநாள் விடிந்தபோது அந்தக் குஞ்சத்தில் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பால் வாங்கப் போனவர்கள் பாலை மறந்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

சௌந்தரமும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகின மாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் கண்விழித்து முடைந்த கிளிகள் அவள் வாசலில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை.

நேரே மடத்துக்குப் போனாள்.

"அம்மா, பொறாமை வந்தா என்ன பண்றது?"

"யாருக்கு வந்திருக்கு?"

"யாருக்கும் இல்ல. பொதுவாக் கேட்டேன்."

மடத்தம்மா முறத்திலிருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வாசல் ஜோடிச்சாச்சா அக்கா?"

"ஆச்சும்மா."

"சரி. விஜயதசமி அன்னிக்கு வந்து சொல்றேன்."

சௌந்தரத்துக்கு இது போதுமே! அம்மா வாசலைக் கேட்டுவிட்டாள். அப்படியானால் எல்லாம் வாசலில்தான் இருக்கிறது. கிளிகளை அவிழ்த்துக் கூடையில் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினாள். வெயிலில் முதுகு கழன்று விழக் கதிர் பொறுக்கினாள். மரகதத்தின் குஞ்சத்தைப் போல இரண்டு பங்கு பெரிசாக ஒன்று கட்டினாள்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. குருவி தின்றால் விஜயதசமிக்கு மிஞ்சுவது என்ன? வெறும் வைக்கோல்!

அவள் மூளையா சும்மா இருக்கும்? வேப்பங்கொட்டையை இடித்துக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் குஞ்சத்தைப் போட்டு ஊறவிட்டாள். எடுத்து வெயிலில் உலர்த்திக் கட்டினாள். பொன்னை உருக்கி ஊற்றினதுபோல் மின்னிற்று.

குருவி வந்தது. ஒரு கொத்து கொத்தியது. அலகை நிலையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் பறந்துவிட்டது. "போ போ, தரித்திரம்" என்றாள் சௌந்தரம். ஆனாலும் எதிர்வீட்டுக் கீச்சுமூச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் தெருவுக்கு இறங்கிக் கைதட்டி, மரகதத்தின் குருவிகளை விரட்டியேவிட்டாள்.

சத்தம் கேட்டு மரகதம் வெளியே வந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. காக்கா."

மரகதம் சௌந்தரத்தின் வாசலைப் பார்த்தாள். "இவ்வளவு அழகாக் கட்டியிருக்கீங்க, ஒரு குருவி வரலையேக்கா. எங்கிட்ட கொஞ்சம் கதிர் இருக்கு. தரட்டுமா?"

கேட்டவள் வெள்ளை மனசோடுதான் கேட்டாள். அதுதான் சௌந்தரத்துக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

விஜயதசமி வந்தது. மரகதத்தின் குஞ்சத்தில் ஒரு நெல் இல்லை. வைக்கோல் துரும்புதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு குருவி உருவிக்கொண்டு போனது, கூடு கட்டவோ என்னவோ. சௌந்தரத்தின் குஞ்சம் கட்டின அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

மடத்தம்மா நடந்து வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றாள். மரகதத்தின் வாசலைப் பார்த்து, துரும்பு இழுக்கும் குருவியைப் பார்த்துச் சிரித்தாள். சௌந்தரம் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா திரும்பினாள். சௌந்தரத்தின் படியில் கால் வைத்தாள்.

அப்பாடா! சௌந்தரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இலை போட ஓடும்போதுகூட அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டி எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மரகதம் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

மடத்தம்மா உள்ளே வராமல் நிலைக்கு அடியிலேயே நின்றாள்.

"நல்லாக் கட்டியிருக்கீங்க அக்கா. ஒரு மணிகூட உதிரலையே."

"ஒண்ணுகூட உதிரலம்மா."

"பாத்தாலே பசிக்குது."

சொல்லிக்கொண்டே கையை உயர்த்திக் குஞ்சத்திலிருந்து ஒரு நெல்லைக் கிள்ளினாள். நகத்தால் உமியை உரித்தாள்.

"அம்மா, அது வேண்டாம்! இலை போட்டாச்சு!"

அரிசி வாய்க்குள் போய்விட்டது. அம்மாவின் முகம் சுருங்கியது. கண்ணில் நீர் கட்டியது. ஆனால் மெல்லுவதை நிறுத்தவில்லை.

சௌந்தரம் செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தாள். "துப்பிடுங்கம்மா, துப்பிடுங்க! வேப்பங்கொட்டைத் தண்ணி அது!"

"எதுக்கு வேப்பங்கொட்டை?"

"குருவி தின்னுடக் கூடாதுன்னு."

"குருவி தின்னா என்ன?"

சௌந்தரம் எதிர்வாசலைப் பார்த்தாள். அப்புறம் மடை உடைந்தது.

"அவ வாசலைவிட என் வாசல் நல்லா இருக்கணும்மா! அவளைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு எரியுது. அவ என்னை அக்கான்னு கூப்பிட்டாக்கூட எரியுது. அன்னிக்கு நான் பொதுவாக் கேக்கல. எனக்குத்தான் கேட்டேன்."

மடத்தம்மா விழுங்கினாள். செம்பை வாங்கி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். நாக்கில் ஒட்டியிருந்த கசப்பு போகவில்லை போலிருக்கிறது. இன்னொரு மடக்கு குடித்தாள். பிறகு சௌந்தரத்தின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"அக்கா, இதையா இத்தனை நாளும் மென்னுக்கிட்டு இருந்தீங்க?"