வெண்கலத் தலையில் குதிரைமயிர்

அந்தக் காலத்தில், குதிரைகள் மனிதரோடு வாயாடித் திரிந்த நாளில், யவன நாட்டில் லைக்கோன் என்றொரு போர்வீரன் இருந்தான். தாயை இழந்த கறுப்புக் குதிரைக்குட்டி ஒன்றை ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தான். அவள் பெயர் மெலைனா. பெரியவளான பிறகும் அவனோடு வயலுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வாய் ஓயாது. மழை வருமா, பக்கத்து வீட்டுக் கழுதைக்கு ஏன் அத்தனை திமிர் என்று பேசிக்கொண்டே வருவாள்.

கடலுக்கு அப்பால் போர் மூண்டது. கொல்லன் அடித்துக் கொடுத்த வெண்கலத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு லைக்கோன் லாயத்துக்கு வந்தான். கண்ணுக்கு இரண்டு துளை. மற்றபடி முகம் முழுக்க உலோகம். உச்சி மொழுமொழுவென்று இருந்தது. மெலைனா மிரண்டு பின்வாங்கினாள்.

“யார் நீ?”

“நான்தானடி.”

“என்னையும் கூட்டிப் போ.”

“கப்பலில் குதிரைக்கு இடமில்லையாம்.”

அவள் மெல்ல நெருங்கி வந்து கவசத்தை மோந்து பார்த்தாள். “இதே முகத்தோடு ஊரே திரும்பி வரும். அதில் உன்னை எப்படிக் கண்டுபிடிப்பேன்? என் பிடரிமயிரை வெட்டி உச்சியில் வைத்துக்கொள்.”

“வலிக்காதா?”

“மயிர்தானே. வெட்டு.”

குதிரைகளின் பேச்சு அப்போது பிடரிமயிரில் குடியிருந்தது. அது குதிரைகளுக்குத் தெரியும், மனிதருக்குத் தெரியாது. மெலைனா சொல்லவில்லை.

அவன் வெட்டினான். “சீக்கிரம் வந்து...” என்றாள். கடைசிக் கொத்து விழுந்தது. மிச்சம் வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவன் கப்பல் ஏறினான்.

போர்க்களத்தில் ஈட்டி பாய்ந்து பிணங்களுக்கு நடுவே விழுந்தான். தோழர்கள் திரும்பிப் போகும்போது காற்றில் ஆடிய கறுப்பு மயிரைக் கண்டார்கள். “அதோ லைக்கோன்! உயிர் இருக்கிறது!” என்று தூக்கி வந்தார்கள்.

கப்பல்கள் ஊர் திரும்பின. கரையில் இறங்கிய வெண்கல முகங்களை விலக்கிக்கொண்டு மெலைனா நேராக அவனிடம் ஓடிவந்தாள். பிடரி முன்போலவே அடர்ந்திருந்தது.

“என்னைத் தேடினாயா? சொல்லடி!”

அவள் மூச்சுதான் கேட்டது.

அவன் மனைவி ஆர்கியா மெல்லச் சொன்னாள்: “நீங்கள் போன நாளிலிருந்து இப்படித்தான். மயிர் வளர்ந்தது. பேச்சு வளரவில்லை.”

லைக்கோன் கவசத்திலிருந்து மயிரைப் பிய்த்து மெலைனாவின் கழுத்தில் வைத்து அழுத்தினான். “எடுத்துக்கொள், திருப்பி எடுத்துக்கொள்!” அது வழுக்கி மணலில் விழுந்தது. மெலைனா அவன் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த போர் வந்தது. லைக்கோன் லாயம் லாயமாகப் போய், “கொடுக்காதீர்கள்” என்று கெஞ்சினான்.

“என் ஆள் உயிரோடு வரவேண்டும்” என்றது ஒரு கிழட்டுக் குதிரை, கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தபடி. மற்றவையும் குனிந்தன. ஒவ்வொரு லாயமாக ஊர் அமைதியானது.

யவனத் தலைக்கவசத்தின் உச்சியில் குதிரைமயிர் ஏறியது அன்று முதல்தான். போருக்கே போகாதவர்கள் ஆசைப்பட்டு வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கும் இன்றைய நகல் கவசங்களிலும் அதை விடாமல் பொருத்துகிறார்கள். குதிரைகளும் அன்று முதல்தான், பிரியமானவர் அருகே வந்தால், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் உதட்டை மட்டும் அசைக்கின்றன.