நாற்காலிச் சக்கரத்தில் ஒரு எலுமிச்சம்பழம்

"இதுக்குப் பேரு விமானமா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

பூங்கோதை திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாயகம் சண்டை விமானி. அதாவது, போன வருஷம் வரைக்கும். அவர் ஓட்டிய ஜெட்டைத் தளத்தின் வாசலில் சிமென்ட் மேடை கட்டி நிறுத்திவிட்டார்கள். இப்போது அதில் காக்கைகள் குடியிருக்கின்றன. அவரை ஆளில்லா விமானப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பாடமும் நிஜக் கண்காணிப்பும் அங்கே ஒன்றாகவே நடக்கும்.

அங்கே ஆசிரியை பூங்கோதை, அவரைவிடப் பத்து வயது சின்னவள். மனுஷனுக்குக் கடுப்பு வராமல் இருக்குமா? 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார், கொஞ்சம் இழுத்து. விமானிகளுக்குத் தரும் சிறகுச் சின்னத்தைச் சட்டையில் குத்தாமல் ஒருநாளும் வகுப்புக்கு வந்ததில்லை.

"விமானம் எங்கேயோ எல்லையில பறக்குது. நான் இங்க ஏசி அறையில நாற்காலியில சுத்திக்கிட்டிருக்கேன். சுடப்போறது அது. நான் பட்டன் அழுத்தணும், அவ்வளவுதான். இதுக்கு விமானி எதுக்கு டீச்சர்? ஒரு கிளார்க் போதுமே."

"சண்டைக்கு முதமுதல்ல போன விமானி என்ன பண்ணாரு சார்?"

"வேவு பார்த்தான். எதிரி விமானி குறுக்க வந்தா ரெண்டு பேரும் கையாட்டிட்டுப் போயிடுவாங்கன்னு சொல்லுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருத்தன் துப்பாக்கியோட போனான். இன்னொருத்தன் குண்டைக் கையால எடுத்துக் கீழ போட்டான். அதுக்கப்புறம் ஊரையே கொளுத்துற மாதிரி பெரிய பெரிய விமானம். எங்க காலத்துல எதிரின்னா ரேடார்ல ஒரு புள்ளி."

"முகம்?"

"இருபது வருஷத்துல ஒரு முகம்கூடப் பார்த்ததில்ல."

"இப்ப?"

தில்லைநாயகம் திரையைப் பார்த்தார்.

திரையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் மொட்டைமாடி. ஒரு மாதமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேடப்படும் ஆள் ஒருவன் அந்த வீட்டுக்கு வருவான் என்று தகவல். அவன் வரவேயில்லை. மாடிக்கு வருவது ஒரு தாடிக்காரர் மட்டும்தான். கம்பை ஊன்றி நொண்டி நொண்டி வருவார். புறாக்களைத் திறந்துவிடுவார். நெற்றியில் கையை வைத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் புறாக்களில் எது சோம்பேறி என்பது வரைக்கும் தில்லைநாயகத்துக்கு அத்துப்படி.

"பொழுதுபோகாம பார்க்கிறேன்" என்றார்.



ஆயுத பூஜை வந்தது. தளத்தில் இருந்த லாரி, ஜீப், ஹெலிகாப்டர் ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டி கிளம்பி அதை நசுக்கினால்தான் பூஜை முடிந்த மாதிரி.

ஆளில்லா விமானப் பள்ளிக்கும் ஒரு பழம் வந்து சேர்ந்தது. தில்லைநாயகத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இதை எங்க வெக்கிறது டீச்சர்? எல்லைக்குக் கூரியர்ல அனுப்பிரலாமா?"

பூங்கோதை பழத்தை வாங்கினாள். அவருடைய நாற்காலியின் முதுகில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். பிறகு குனிந்து, அதன் சக்கரத்துக்கு முன்னால் பழத்தை ஒட்டி வைத்தாள்.

"உட்காருங்க சார்."

"விளையாடுறீங்களா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தார். "ஹாரன் அடிக்கட்டுமா?" என்றார்.

அப்போது மேசையில் இருந்த ஒலிபெருக்கி பேசியது. தலைமையகம்.

"மாடியில நிக்கிறவன்தான் நாம தேடுற ஆள். சுடுங்க."

தில்லைநாயகத்தின் சிரிப்பு நின்றது.

"சார், அது அவன் இல்ல. நாம தேடுறவனுக்கு ரெண்டு காலும் நல்லாயிருக்கு. இவரு நொண்டுறவரு. புறா வளர்க்கிறவரு."

"தாடி ஒத்துப்போகுது."

"தாடி எனக்கும்தான் வளரும். ஒரு மாசமா பார்க்கிறேன் சார், இவர் இல்ல."

"அதை முடிவு பண்றது உங்க வேலை இல்ல. பட்டனை அழுத்துறதுதான் உங்க வேலை."

தான் சொன்னதையே இன்னொருத்தர் வாயால் கேட்க அவருக்கு அசிங்கமாக இருந்தது.

பட்டன் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. நாற்காலியை முன்னால் நகர்த்தினால்தான் கை எட்டும்.

"மேடம்" என்றார். முதல் தடவையாக. "என்ன பண்ணட்டும்?"

"பழம் வெச்சுட்டேன் சார். வண்டி எடுக்கிறது நீங்க."

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். பழம் சக்கரத்தை ஒட்டி மஞ்சளாகக் கிடந்தது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தார். தாடிக்காரர் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை நேராக இவர்மேல் விழுந்தது.

ஒலிபெருக்கி மறுபடியும் பேசியது. இந்தத் தடவை சத்தமாக.

"சுடலைன்னா உங்க சிறகைப் பிடுங்கிருவோம். அப்புறம் எந்த விமானத்துக்குப் பக்கத்துலயும் போக முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

சட்டையிலிருந்த சிறகுச் சின்னத்தை அவரே கழற்றினார். மேசைமேல் வைத்தார். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"வண்டி கிளம்பாது" என்றார்.

"எந்த வண்டி?" என்றது ஒலிபெருக்கி.

"நான் உட்கார்ந்திருக்கிற வண்டி."